பேர் பெறாத பாணர்

பேரும் புகழும் திறமைக்கு அளவுகோலாகா என்பதை நாம் அனைவரும் வாயளவில் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் சங்கீதத்தைக் கேட்கும்பொழுது நம் நடை அதற்கு மாறாகவே இருக்கிறது. பாடுபவர் இன்னார் என்று தெரிந்துகொண்ட பின்னரே நம்மிற் பலர் தலையசைக்கத் துணிகின்றனர். பெரிய வித்துவான் ஒருவர் சபையில் அபஸ்வரமாகப் பாடினாலும் அதில் ஏதோ ஒரு நுட்பம் இருக்கக்கூடும் என்று எண்ணுகிறோம்; ஊர்க்கோயில் மண்டபத்தில் ஒருவர் சுத்தமான சுருதியோடு வாசித்தாலும் நின்று கேளாமல் நடந்துவிடுகிறோம். செவிக்குரிய அதிகாரத்தைப் பெயருக்குக் கொடுத்துவிட்டோம் என்பது இதனால் விளங்கும். இதனை எனக்கு நன்கு உணர்த்தியவர்கள், ஐரோப்பாக் கண்டத்தில் தம் நாட்டாருள்ளேயே பலர் அறியாத சில வாத்தியக்காரர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களால் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வாத்தியக்காரர்களைப் பற்றி எனக்கு உண்டான எண்ணத்தைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் நான் பெரம்பலூரில் இருந்தபொழுது நண்பர் ஒருவர் பழைய கச்சேரிப் படங்கள் பலவற்றை ஒரு பென் டிரைவில் பதிந்து கொடுத்தார். அவற்றிற் பெரும்பாலானவை 1970-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியத் தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்தவை. 'முற்போக்கு ராக்' என்று வழங்கும் சங்கீத வகையைச் சேர்ந்த குழுக்களே அவற்றில் வாசித்தன. இவ்வகை இன்னதென்று அறியாத அன்பர்களுக்காக அதனைச் சுருக்கமாக விளக்குவேன்.

ராக் என்பது மின்விசையால் ஒலி பெருக்கிய கிதாரையும் பெருமுரசுகளையும் கொண்டு இளைஞர் ஆடிப் பாடுவதற்கென எழுந்த சங்கீதம். அதன் பாடல்கள் பெரும்பாலும் மூன்று நான்கு நிமிஷங்களில் முடிவன. தாளமும் நான்கு நான்காக எண்ணும் எளிய நடையே. 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்திலுள்ள இளைஞர் சிலர் இவ்வெல்லையைக் கடக்க விரும்பினர். 1969-ல் வெளியான கிங் கிரிம்ஸன் குழுவினரின் முதல் தட்டு இம்முயற்சிக்கு ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1972-ல் யெஸ் என்னும் குழுவினர் தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறையும்படி பதினெட்டு நிமிஷ உருப்படி ஒன்றை வாசித்தனர். மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தின் கட்டுக்கோப்பும் ஜாஸின் மனோதர்மமும் நாட்டுப்பாடலின் மெட்டும் இவற்றிற் கலந்தன. நான்கெண்ணும் தாளத்தை விட்டு, ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக எண்ணலாயினர். கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என்று நம்மவர் பெயரிட்டுப் பழகிய கணக்குக்களை அவர்கள் புதிதாகக் கண்டாற்போல மகிழ்ந்து கையாண்டனர் என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

இங்கிலாந்தின் பெரிய குழுக்களை உலகம் அறியும். பிங்க் பிளாய்டு, ஜெனஸிஸ் என்னும் பெயர்களைப் பெரம்பலூரிற்கூட ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் இளைஞர் சிலர் சொல்லுவர். ஆனால் அதே காலத்தில் இத்தாலி, பிரான்ஸ், ஹாலந்து, ஜெர்மனி, ஹங்கேரி, பெல்ஜியம் முதலிய நாடுகளிலும் இத்தீ பரவியிருந்தது. அங்கே வாசித்தவர் பலருடைய பெயரை நாம் கேட்டிலோம். நண்பர் தந்த தொகுப்பில் இருந்தவர்கள் இவர்களே.

முதலில் என் மனத்தைக் கவர்ந்தவர் இத்தாலியர். உரோமாபுரியிலிருந்து வந்த ஒரு குழுவுக்குப் 'பரஸ்பர உதவி வங்கி' என்று பொருள்படும் விசித்திரமான பெயர். 1972-ல் வந்த தம் முதல் தட்டின் உறையை அவர்கள் காசு சேர்க்கும் உண்டியலின் வடிவாகவே வெட்டியிருந்தனர். அதில் விட்டோரியோ நோசென்ஸி, ஜியான்னி நோசென்ஸி என்னும் சகோதரர் இருவர் பியானோவும் ஆர்கனும் வாசிப்பர். பாடுபவர் பிரான்செஸ்கோ தி ஜியாக்கொமோ. பருத்த உடலும் அடர்ந்த தாடியும் உடையவர்; மேடையில் ஆடவும் மாட்டார், ஓடவும் மாட்டார். கைகளைத் தொங்கவிட்டு நின்று வாயைத் திறந்தாரானால், இத்தாலிய நாட்டு இசைநாடகங்களில் நூற்றாண்டுகளாகப் பண்பட்ட குரல் முழுவதும் அவரிடம் வந்து இறங்கியதோ என்று தோன்றும். 2014-ல் மோட்டார் விபத்தில் அவர் காலமானார். அவர் குரலைக் கேட்டு வியந்த பின்னரே அவர் இறந்த செய்தியை அறிந்தேன். நெடுநாட் பழகிய ஒருவரை இழந்தாற்போன்ற துயரம் உண்டாயிற்று.

மிலான் நகரத்தில் 1970-ல் தோன்றிய மற்றொரு குழுவினர் பி. எப். எம். என்னும் மூன்றெழுத்தால் அறியப்படுவர். இவர்களுள் மௌரோ பகானி என்பவர் வயலினும் புல்லாங்குழலும் வாசிப்பார். இவர்கள் தாய்மொழியிற் பாடிய வரையில் இத்தாலிக்கு அப்பால் இவர்களை அறிந்தவர் சிலரே. 1973-ல் பீட்டர் ஸின்பீல்டு என்னும் ஆங்கிலக் கவிஞரைக் கொண்டு ஆங்கிலச் சொற்களை அமைத்துப் பாடிய பின்னரே பிறநாட்டார் இவர்களைக் கவனித்தனர். அதற்கு முன் வாசித்த விரலும் பின் வாசித்த விரலும் ஒன்றே. மாறியது மொழி ஒன்றுதான். புகழ் பெரும்பாலும் எக்காரணங்களால் வருகிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பிரான்ஸ் தேசத்து மாக்மா குழுவினர் இதற்கு நேர் எதிரான வழியிற் சென்றனர். அதன் தலைவர் கிறிஸ்தியன் வாண்டர் முரசு வாசிப்பவர். அவர் எந்த நாட்டார்க்கும் உரியதல்லாத ஒரு மொழியைத் தாமே படைத்து, அதிலேயே தம் பாடல்களை அமைத்தார். கொபாயன் என்பது அதன் பெயர். முரசின் பின்னே கண்கள் செருகி, ஆவேசம் வந்த பூசாரியைப்போல் அவர் அமர்ந்திருக்கும் தோற்றத்தைக் கண்டவர் மறவார். ஹாலந்து நாட்டுப் போகஸ் குழுவில் தைஸ் வான் லேயர் ஒரு கையால் ஆர்கனை வாசித்து, மறு கையில் குழலைத் தயாராக வைத்துக்கொண்டு, இடையிடையே மலைநாட்டு இடையரைப்போலக் குரலை மடக்கிக் கூவுகிறார். சிரிப்பு வருகிறது, உடனே யான் அக்கெர்மனுடைய கிதார் புறப்பட, அச்சிரிப்பு வியப்பாக மாறுகிறது.

ஹங்கேரி நாட்டு ஒமேகா குழு 1962-ல் தோன்றியது. அக்காலத்தில் அந்நாட்டில் இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் நிலையம் ஒன்றற்கே இருந்தது. அந்நிலையில், 1969-ல் முத்துக் கூந்தல் மங்கை ஒருத்தியைப் பற்றி அவர்கள் பாடிய பாடல் எல்லை கடந்து சென்றது. 1994-ல் ஸ்கார்ப்பியன்ஸ் என்னும் ஜெர்மானியக் குழுவினர் அம்மெட்டை எடுத்து ஆங்கிலத்திற் பாடியபொழுது கேட்டு மகிழ்ந்தவருள் எத்தனை பேர் அதன் பிறப்பிடத்தை அறிந்திருப்பர்? பெல்ஜியத்து யூனிவெர்ஸ் ஸேரோ குழுவினரோ மின்விசைக் கருவிகளோடு பஸூன் என்னும் மரக்குழலையும் ஹார்மோனியத்தையும் சேர்த்துக்கொண்டனர். பஸூன் நம் நாகசுரத்தைப்போலவே இரட்டை நாவுடைய சீவாளியால் ஒலிப்பது. ஹார்மோனியம் ஐரோப்பாவிற் பிறந்து, கப்பலேறி வந்து, நம் நாடக மேடைகளில் ஊன்றிய பெட்டியே. பிறந்த நாட்டில் மங்கிப்போன கருவி மீண்டும் இருண்ட சங்கீதம் ஒன்றில் ஒலிப்பதைக் கேட்டபொழுது, நம் ஊர் 'வள்ளி திருமண' மேடை என் நினைவுக்கு வந்தது.

இக்குழுக்களுட் சில தம் நிலையைக் கண்டு வாளா இருக்கவில்லை. இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன், பெல்ஜியம் ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஐந்து குழுவினர் 1978-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி இலண்டன் மாநகரில் ஒன்றுகூடி வாசித்தனர். தட்டு வியாபாரிகள் தள்ளிவிட்ட சங்கீதத்தை மக்கள் தாமே கேட்டு முடிவு செய்யட்டும் என்பதே அவர்கள் கருத்து. ஒருவரை ஒருவர் தத்தம் ஊருக்கு அழைத்து மேடை அமைத்துக் கொடுப்பதென்றும் உடன்பட்டனர்.

இப்படங்களை நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், என் தாய்மாமன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அரியலூருக்கு அருகே ஒரு சிற்றூர் அவருடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவில் வாசித்தவர். தோளில் வந்த நோவினால் இப்பொழுது வாசிப்பதை நிறுத்திவிட்டார். இந்த இரைச்சலை அவர் வெறுப்பார் என்று எண்ணி நான் ஒலியைக் குறைத்தேன். அவரோ, "இரு மாப்பிள்ளை, குறைக்காதே" என்றார். ஓர் இத்தாலியக் குழுவின் உருப்படி நடந்துகொண்டிருந்தது. அவருடைய வலக்கை விரல்கள் நாற்காலியின் கையின்மேல் மெல்ல அசைந்தன. "தகிட தகதிமி, தகிட தகதிமி; ஏழல்லவா போகிறது? மிச்ரம்" என்றார். மேலும் சிறிது கேட்டு, "அதோ, அந்தப் பையன் தீர்மானத்துக்கு இழுத்துக்கொண்டு வருகிறான் பார்" என்றார். அவர் சொன்ன இடத்திலேயே முரசும் கிதாரும் ஆர்கனும் ஒன்றாக வந்து விழுந்தன. அவர்கள் பாடிய மொழி அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. "மொழி எதற்கு? நாகசுரத்துக்கு என்ன மொழி இருக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார்.

பின்னர், "இவர்கள் பெரிய பேர்க்காரர்களோ?" என்று கேட்டார். "இல்லை, மாமா. அவர்கள் நாட்டிலேயே பலருக்குத் தெரியாது" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. "பேரில்லாவிட்டாலும் பிடித்து வைத்திருக்கிறார்களே!" என்றார்.

அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். அவரோடு இருபத்தைந்து ஆண்டுகள் வாசித்த நாகசுரக்காரர் ஒருவர் இருந்தார். கல்லங்குறிச்சித் தேர், சிறுவாச்சூர்த் திருவிழா, சுற்றுவட்டாரத்துக் கலியாணங்கள் என்று இருவரும் சேர்ந்து செல்வர். சுவாமி புறப்பாட்டின்போது அவர் வாசிக்கும் மல்லாரியைக் கேட்பதற்கென்றே விடியற்காலத்தில் எழுந்து வருபவர் எங்கள் ஊரில் உண்டு. அவர் சபைகளில் வாசித்தவர் அல்லர், வானொலியிலும் வாசித்ததில்லை. அவர் இறந்த பின்னர், அவர் வாசிப்பு எங்கேனும் பதிவாகியுள்ளதா என்று என் மாமன் தேடலானார். எங்கள் உறவினர் கலியாணம் ஒன்றில் எடுத்த வீடியோ கிடைத்தது. ஆவலோடு அதனைப் போட்டுப் பார்த்தோம். அதோ அவர் நிற்கிறார், கன்னங்கள் உப்புகின்றன, விரல்கள் துளைகளின்மேல் ஓடுகின்றன. பக்கத்தில் என் மாமன் பூவரசங்கழியால் தவிலை முழக்குகின்றார். ஆனால் கேட்பது ஒரு சினிமாப் பாட்டு! வீடியோ எடுத்தவர் அழகாயிருக்கும் என்று எண்ணிப் படத்திலிருந்த ஒலி முழுவதையும் அழித்துவிட்டு, அதன்மேற் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். இது அவர் ஒருவர் செய்கை அன்று. நம் பக்கத்துக் கலியாணப் படங்களில் நாள்தோறும் நடக்கும் வழக்கமே. தாலி கட்டும்பொழுது முழங்கிய கெட்டிமேளத்தை எத்தனை குடும்பங்கள் இவ்வாறு இழந்திருக்கின்றன! அந்த நாகசுரக்காரருடைய விரல்கள் எங்களிடம் இருக்கின்றன, நாதம் இல்லை.

நூல் வல்லார் சிலர், "கிராமத்து வாசிப்பையெல்லாம் காப்பாற்றி என்ன பயன்? சிறந்தது தானே நிற்கும்" என்பர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். அவருடைய தோடியை இன்றும் கேட்கிறோம் அல்லவா என்பது அவர்கள் வாதம். உண்மையே, ஆனால் அது நிற்பதற்குக் காரணம் அதன் சிறப்பு மட்டுமன்று, அது தட்டிற் பதிவானமையுமாகும். எடிஸன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877-ல். நம் நாட்டில் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தது 1902-ல். அதற்கு முன்னே வாழ்ந்த மகாவித்துவான்களின் குரலும் நமக்கு எட்டாததாகவே போயிற்று. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அரியலூர்ச் சீமையைச் சேர்ந்த உடையார்பாளையம் சமஸ்தானத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கனம் கிருஷ்ணையர் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். மிகுந்த தேகபலமும் சாதகமும் வேண்டுகின்ற கன மார்க்கத்தைப் பயின்று பாடியதனால் 'கனம்' என்பது அவர் பெயரோடு சேர்ந்தது. டாக்டர் சாமிநாதையரவர்களின் தந்தையார் அவருடைய மாணவர். இளமையில் அரியலூரிற் கல்வி பயின்ற ஐயரவர்கள் பிற்காலத்தில் கிருஷ்ணையரின் சரித்திரத்தை எழுதி வைத்தமையால் அவர் வரலாற்றை அறிகிறோம். அவர் இயற்றிய தமிழ்ப் பதங்களும் பாடப்பட்டு வருகின்றன. ஆனால் அந்தக் கன மார்க்கம் எவ்வாறு ஒலித்தது? உடையார்பாளையத்து அரண்மனைச் சுவர்கள் கேட்டன, நாம் கேட்டிலோம். புகழ் பெற்றவர் நிலையே இதுவானால், அவருக்குச் சுருதி கூட்டியவரும் அவரைப்போலவே ஊரூராகப் பாடித் திரிந்தவரும் என்ன ஆயினர் என்று கேட்கவும் வேண்டுமோ?

ஐரோப்பியர் எல்லாவற்றையும் அருமையறிந்து போற்றினர் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் தொலைக்காட்சி நிலையங்கள் நாடாவின் விலையை எண்ணிப் பழைய பதிவுகளை அழித்து, அவற்றின்மேற் புதியவற்றைப் பதிந்ததுண்டு, இங்கிலாந்தின் பி. பி. சி. நிலையத்தார்கூட 1960, 1970-ஆம் ஆண்டுகளில் இவ்வாறு பலவற்றை அழித்தனர். ஆனால் ஜெர்மனியில் பிரெமன் நகரத்து நிலையத்தார் 1965 முதல் 1972 வரை நடத்திய 'பீட் கிளப்' போன்ற நிகழ்ச்சிகளின் பதிவுகள் தப்பி நின்றன. யாரோ ஒருவர் பெட்டியில் எடுத்து வைத்தமையால், அரை நூற்றாண்டு கழித்துப் பெரம்பலூரில் ஒரு தவிற்காரர் இத்தாலிய நாட்டு முரசுக்காரனுக்குத் தலையசைக்க முடிந்தது.

நம் நாட்டுச் சங்கீதத்தைத் தேடி வந்த ஐரோப்பியக் குழு ஒன்றைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் 1969-ல் கிறிஸ்தியன் புர்க்கார்டு என்பவர் எம்பிரியோ என்னும் குழுவைத் தொடங்கினார். பெரிய வியாபார நிலையங்களை நம்பாது, வேறு சில குழுவினரோடு கூடித் தம் தட்டுக்களைத் தாமே வெளியிட்டவர் இவர். 1978-ல் இக்குழுவினர் பஸ் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தானம், பாக்கிஸ்தானம் வழியாக இந்தியாவை நோக்கி வந்தனர். சென்ற இடந்தோறும் அவ்வூர் வாத்தியக்காரர்களோடு அமர்ந்து வாசித்தனர். வெர்னர் பென்ஸெல் என்பவர் அந்தப் பயணத்தைப் படமெடுத்தார். பெங்களூரில் மிருதங்க வித்துவான் டி. ஏ. எஸ். மணியும் பாடகி ஆர். ஏ. ரமாமணியும் நடத்திய கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியாரோடு இவர்களுக்கு ஏற்பட்ட நட்பினால் கூட்டுத் தட்டு ஒன்றும் உருவாயிற்று. புர்க்கார்டு 2018-ல் மறைந்தார். அவர் மகள் மார்யா அக்குழுவை நடத்தி வருகிறார். இவர்கள் கையிற் பொருள் மிகுதியாக இருந்ததில்லை. புகழும் மிகுதியாக வந்ததில்லை. ஆயினும் வழியிற் சந்தித்த கலைஞரை மதித்து, அவர் வாசிப்பைத் தம் வாசிப்போடு சேர்த்துப் பதிந்து சென்றனர். கேட்பவன் செவி திறந்திருக்குமானால், பெரிய பெயர் இடையில் வேண்டுவதில்லை என்பதற்கு இவர்கள் வாழ்க்கை சான்று.

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் நத்தையும் சிப்பியும் கல்லாய்க் கிடப்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை எம். எஸ். கிருஷ்ணன் என்னும் புவியியல் அறிஞர் 1940-ல் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதை நாம் அறிவது திமிங்கிலங்களால் அன்று. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு சிப்பிகளாலேயே ஆகும். ஒரு காலத்துச் சங்கீதமும் அத்தகையதே. அதன் பரப்பை அறியச் சிகரங்களாக நின்ற நால்வரின் தட்டுக்கள் போதா. ஊர்தோறும் வாசித்தவர்களின் நாதமும் வேண்டும். சிப்பிகளை மண் தானே காத்துக் கொடுத்தது. நாதத்தை அவ்வாறு காக்கும் மண் இல்லை. மனிதர்தாம் காக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இன்று இருக்கும் கைப்பேசி, கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்த கருவியினும் பன்மடங்கு நுண்மையாக ஒலியைப் பிடிக்கக்கூடியது. விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் தம் ஊர் நாகசுரக்காரரையோ, பம்பைக்காரரையோ, பறை முழக்குபவரையோ, கூத்துப் பாடுபவரையோ அணுகி, அவருடைய இசைவைப் பெற்று ஒரு மணி நேரம் பதிந்து வரலாம். தேர்த் திருவிழாவின் கூச்சலுக்கிடையே பதிவதைவிட, அவர் வீட்டுத் திண்ணையில் அமைதியான நேரத்திற் பதிவதே நன்று. வாசித்தவர் பெயர், ஊர், கற்பித்த ஆசிரியர் பெயர், வாசித்த உருப்படி, நாள் ஆகியவற்றை உடனே எழுதிவிட வேண்டும். பெயரில்லாத பதிவு பாதிப் பதிவே. அப்பதிவின் ஒரு பிரதியை முதலில் அவரிடமே கொடுத்தல் கடமை. இத்தகைய பதிவுகளைக் காப்பதற்கென்றே 1982-ல் தொடங்கிய இசைப் பதிவுக் காப்பகம் ஒன்று குருகிராமில் இருக்கிறது. நம் கல்லூரி நூல்நிலையத்திலும் ஓர் அலமாரியையும் ஒரு பதிவேட்டையும் இதற்கென ஒதுக்குதல் அரிதன்று. வீட்டுக் கலியாணத்திற்கு வீடியோ எடுப்பிப்பவர்கள், மேளத்தின் ஒலியை அழிக்கலாகாது என்று முன்னதாகவே சொல்லிவிடுவதும் பெரிய உபகாரம்.

என் மாமனுக்குத் தோள்நோவு சிறிது தணிந்திருக்கிறது. நெடுநேரம் தவிலைச் சுமந்து நிற்க இயலாதாயினும், அமர்ந்தபடி அரைமணி நேரம் வாசிக்கலாம் என்கிறார். தம் கூட்டாளியிடம் பாடங்கேட்ட இளைஞர் ஒருவர் செந்துறைப் பக்கத்தில் இருப்பதாகவும், குருவின் மல்லாரியை அவர் ஒருவாறு வாசிப்பார் என்றும் சொல்லியிருக்கிறார். வருகின்ற தை மாதத்தில் அவ்விருவரையும் ஓரிடத்திற் சேர்ப்பதாக ஏற்பாடு. இப்பணியில் என்னோடு கலந்துகொள்ள விரும்பும் மாணவ நண்பர்கள், தத்தம் ஊரில் இத்தகைய கலைஞர் யாவர் உளர் என்று இப்பொழுதே விசாரித்து வைப்பார்களாக.